சுறாவுக்குக் காவல் இருந்தது, காதுக்கு இல்லை

1803இல் லண்டனில் அச்சான இலங்கை பற்றிய நூலொன்றில் ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலப் படை அதிகாரி மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பை நுணுக்கமாக விவரித்திருக்கிறார். அவர் பார்த்தது கொண்டச்சிக் கரையில். ஆனால் அங்கே கூடிய தோணிகளும் ஆட்களும் பெரும்பாலும் இந்தியக் கரையிலிருந்து போனவை. தொழிலும் இரு கரைக்கும் ஒன்றே. குளியாளி வலது கால் விரல்களால் கல் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொள்கிறான். இடது கால் விரல்களில் வலைப்பை. வலது கையில் இன்னொரு கயிறு. இடது கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கல்லின் கனத்தோடு அடிக்குப் போய்விடுகிறான். மேலே வந்ததும் வாய், மூக்கு, காது வழியாகத் தண்ணீர் வடிகிறது, பல வேளை இரத்தமும் வடிகிறது. அதற்காக யாரும் அவனை நிறுத்துவதில்லை. முறை வந்ததும் மறுபடி இறங்குகிறான், ஒரு நாளில் நாற்பது ஐம்பது தடவை. காதில் வழிந்த இரத்தத்தைப் பெர்சிவல் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, சிப்பி எத்தனை வந்தது என்ற கணக்குக்குப் போய்விடுகிறார். அவருக்கு முன்னும் பின்னும் முத்துக்குளித்துறையைப் பற்றி எழுதியவர்களும் அப்படித்தான் செய்தார்கள். சிப்பிக்கு ஈராயிரம் ஆண்டுக் கணக்கு இருக்கிறது. காதுக்கு ஒரு பக்கம்கூட இல்லை.

அந்தக் காது எங்கே போய் முடிகிறது என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம். என் வாதம் இதுதான்: இடுப்பெலும்பு முறிந்தோ குடல் அடைத்தோ அறுவைச் சிகிச்சைக்குப் படுக்கும் முதியவர், மயக்கம் தெளிந்த மறுநாள் இரவு புத்தி தடுமாறிப் பிதற்றினால், அதற்கு மயக்க மருந்தை மட்டும் குற்றவாளி ஆக்குவது வரலாற்றுப் பிழை. அந்தத் தடுமாற்றத்துக்கான நிலம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பண்படுத்தப்பட்டிருக்கிறது. தூத்துக்குடிக் கரையில் அதைப் பண்படுத்தியவை முத்தும் சங்கும் உப்பும் மில்லும். ஆகவே இக்கரையின் தொழில் வரலாறு அறுவைக்கூடத்தின் வாசலில் படிக்கப்பட வேண்டிய ஒன்று.

இக்கரை எந்த ஆபத்தை எண்ணியது, எதை எண்ணாமல் விட்டது என்பதிலிருந்து தொடங்குவோம். எண்ணியது சுறாவை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்து வணிகர்கள் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், பெருமீன்களை மந்திரத்தால் கட்டிவைப்பவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் கொடுத்ததாக எழுதுகிறார். பகலில் மந்திரம் கட்டப்படும், இரவில் அவிழ்க்கப்படும். இரவில் யாரும் திருட்டுத்தனமாகக் குளித்துவிடாமல் இருக்க அது ஒரு பூட்டாகவும் இருந்தது. கடல்கட்டி என்று பின்னாளில் பதிவான இந்த மனிதர்கள் போர்த்துக்கீசியரைத் தாண்டி, 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரரைத் தாண்டி, ஆங்கிலேயர் காலத்திலும் நீடித்தார்கள். கடல்கட்டி இல்லாமல் தோணி ஏற மாட்டோம் என்று குளியாளிகள் உறுதியாக நின்றதால், நம்பிக்கை இல்லாத அதிகாரிகளும் அவருக்குரிய பங்கைக் கொடுத்தார்கள். கத்தோலிக்கராகி இருநூறு முந்நூறு ஆண்டு ஆன பரதவரும், இஸ்லாமியக் குளியாளிகளும் அவரை விடவில்லை. இதைக் கேலியாகப் பார்க்க எனக்கு மனமில்லை. பயத்தோடு இறங்குபவனுக்கு மூச்சு சீக்கிரம் தீரும். பயத்தைக் குறைத்தவர் உயிரைக் காத்தவர்தான். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் குறிப்புகளில் சுறா கடித்து மாண்ட செய்தி மிக அரிதாகவே வருகிறது. அரிதாக நடக்கும் பயங்கரத்துக்கு ஊதியம் கொடுத்து ஆள் வைத்த ஒரு தொழில், தினமும் நடக்கும் காயத்துக்கு எவரையும் வைக்கவில்லை.

பெர்சிவலை எவ்வளவு நம்பலாம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆறு நிமிடம் மூச்சடக்கிய ஒருவனைப் பற்றியும் அவர் கேட்டு எழுதியிருக்கிறார். பின்னால் கடிகாரத்தோடு பார்த்தவர்கள் கண்டது ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. பயணிகள் கூட்டிச் சொல்பவர்கள்தான். ஆனால் காது விஷயத்தில் சாட்சி அவர் மட்டுமல்ல. கடல் மட்டத்திலிருந்து பத்து மீட்டர் இறங்கினால் உடலைச் சுற்றிய அழுத்தம் இரண்டு மடங்காகிறது. மன்னார் வளைகுடாவில் சிப்பி விளையும் பார்கள் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில் கிடப்பவை. பத்துப் பாகம் என்றால் பதினெட்டு மீட்டர், அழுத்தம் ஏறக்குறைய 2.8 மடங்கு. செவிப்பறைக்குப் பின்னால் அடைபட்ட காற்று அதற்கு ஏற்பச் சுருங்கும். தொண்டையிலிருந்து போகும் நுண்குழாய் வழியே காற்றை ஊதி ஈடுகட்டாவிட்டால் செவிப்பறை உள்நோக்கி இழுபட்டு வீங்கும், இரத்தம் கட்டும், கிழியும். மூக்கைப் பொத்திக்கொண்டு போனதால் அனுபவசாலிகள் அப்படி ஊதக் கற்றிருப்பார்கள். சளிப் பிடித்த நாளில் அந்த வித்தை பலிக்காது. கல்லோடு சில நொடிகளில் அடிக்குப் போகிறவனுக்கு அவகாசமும் குறைவு. முங்குவோரின் செவிப்பறை ஏன் கிழிகிறது என்ற கேள்வி அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் கேள்வித் தொகுப்பிலேயே இருக்கிறது. மன்னார்க் கடலில் சிலர் உடம்பில் எண்ணெய் பூசி, காதையும் மூக்கையும் அடைத்துக்கொண்டு இறங்கியதைப் பெர்சிவலே குறிக்கிறார். வலி இல்லாத இடத்தில் எவரும் அடைப்பு வைப்பதில்லை. காதை அடைப்பதால் அழுத்தக் காயம் தீராது, சில வேளை கூடவும் செய்யும் என்பதைத்தான் அன்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஒரு முழுக்கில் இல்லை கேடு, எண்ணிக்கையில் இருக்கிறது. அந்த எண்ணிக்கையைத் தீர்மானித்தது கூலி. கி.பி. முதல் நூற்றாண்டின் 'எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ்' கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்கிறது. பாண்டியனின் கடலில் அவர்களுக்கு இறங்காமலிருக்க வழியில்லை. பிற்காலக் குளியாளி சுதந்திர மனிதன். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரைக்கு வந்த சிப்பியை மூன்று கூறாக்கி இரண்டு அரசுக்கு, ஒன்று குளியாளிக்கு என்ற முறை இருந்தது. தன் கூறிலிருந்துதான் தோணிக்கும் கயிறு பிடித்தவனுக்கும் அவன் பங்கு கொடுக்க வேண்டும். சிப்பி கூடினால்தான் வீட்டுக்கு ஏதாவது தேறும். சிப்பி கூட முழுக்கு கூட வேண்டும். தோணிக்காரரான சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கியவன் காது வலிக்கிறது என்று தோணியில் குந்தியிருக்க முடியுமா? சங்கிலி போய்விட்டது, முழுக்கின் எண்ணிக்கை குறையவில்லை.

இங்கே பழைய வழக்கத்துக்கு ஒரு நன்மதிப்பும் கொடுக்க வேண்டும். தோணிக்கு ஐந்து கல், கல்லுக்கு இரண்டு குளியாளி. ஒருவன் கீழே இருக்கும்போது மற்றவன் மேலே மூச்சு வாங்குவான். நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் புறப்பட்டு, விடிந்ததும் குளிக்கத் தொடங்கி, நண்பகலில் கடல்காற்று எழுந்ததும் கை நிறுத்திக் கரைக்குத் திரும்புவார்கள். ஞாயிறு ஓய்வு. காற்றும் கணக்கும் மதமும் சேர்ந்து உண்டாக்கிய இந்த ஒழுங்கை எந்த மருத்துவரும் வகுக்கவில்லை, ஆனால் மருத்துவம் பிற்காலத்தில் அதன் அருமையைக் கண்டது. பசிபிக்கின் துவாமோத்துத் தீவுகளில் முத்துச் சிப்பிக்காக நாள் முழுதும் அடுத்தடுத்து ஆழத்தில் முங்கியவர்களுக்குத் தலைசுற்றலும் வாதமும் நினைவிழப்பும், சிலருக்குச் சித்தம் கலங்குவதும் நேர்ந்ததை 1965இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. அங்கே அதன் பெயர் தரவானா. அதே ஆழத்தில் குளித்தும், முழுக்குக்கு முழுக்கு பத்து நிமிடத்துக்கு மேல் ஓய்வெடுத்த மங்கரேவா தீவினருக்கு அது வரவில்லை. ஆழம் அதே ஆழம், கடல் அதே கடல். ஓய்வு மட்டும் வேறு. மூளைக்கு வரும் கேடு ஒற்றை அடியால் மட்டும் வருவதில்லை, அடிக்கும் அடிக்கும் இடையில் என்ன நடந்தது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

முத்துக்குளிப்பு பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் திருவிழா. சிப்பி விளையாத காலம் இருபது முப்பது ஆண்டு நீண்டதும் உண்டு. தூத்துக்குடியின் கடைசிப் பெரும் குளிப்பு வரிசை 1955இல் தொடங்கி 1961இல் முடிந்தது. அதன் பின் பார்கள் மீளவில்லை. குளியாளியின் அன்றாடச் சோறு முத்தல்ல, சங்கு. வங்காளத்துப் பெண்களின் கைவளைக்காக இக்கரையிலிருந்து சங்கு போய்க்கொண்டேயிருந்தது. தூத்துக்குடியில் முத்து, சங்குக் குளிப்பின் கண்காணிப்பாளராக இருந்து பின்னர் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநரான ஜேம்ஸ் ஹார்னெல், 1914இல் சங்குக்கென்றே ஒரு நூல் எழுதினார். ஆண்டுதோறும் மாதக்கணக்கில், பதினைந்து வயதில் தொடங்கி உடம்பு இடங்கொடுக்கும்வரை, ஒரே காது அந்த அழுத்தத்தை வாங்கியது சங்கில்தான். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காற்றுக் கம்ப்ரசரும் குழாயும் தோணிக்கு வந்தன. ஒரு நிமிடம் என்ற இயற்கையின் வரம்பு அத்தோடு உடைந்தது. அடியிலேயே நெடுநேரம் நிற்கலாம். வேகமாக மேலே வந்தால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி மூட்டையும் தண்டுவடத்தையும் தாக்கும். நண்பகல் காற்றும் இரட்டைக் குளியாளி முறையும் சேர்ந்து வைத்திருந்த பழைய வேலி, அதன் பயன் இன்னதென்று எவரும் கேட்காமலே பிடுங்கப்பட்டது.

இனி அறுவைக்கூடத்துக்கு வருவோம். அறுவைக்குப் பின் முதல் மூன்று நாளுக்குள், பெரும்பாலும் இரவில், முதியவர் ஒருவர் இருக்கும் இடம் தெரியாமல் போகிறார். மகளைப் பார்த்து யாரென்று கேட்கிறார், இல்லாத ஆளோடு பேசுகிறார், கையில் ஏறும் குளுக்கோஸ் குழாயையும் சிறுநீர்க் குழாயையும் பிடுங்குகிறார். காலையில் தெளிவாகப் பேசி, மாலையில் மறுபடி தடுமாறுகிறார். வீட்டார் இதை ஜன்னி என்பார்கள், மருத்துவர் டெலிரியம் என்பார். இன்னொரு வகையும் உண்டு: சத்தமே இல்லாமல் சுருண்டு கிடப்பது, கேட்ட கேள்விக்கு நேரம் கழித்து ஒரு சொல் சொல்வது. அசதி என்று நினைத்து விட்டுவிடுவதால் இந்த அமைதியான வகைதான் அதிகம் தவறவிடப்படுகிறது. இடுப்பெலும்பு முறிவு, இருதய அறுவை இரண்டிலும் இது சாதாரணமாகக் காணும் சிக்கல். வந்தவுடன் குடும்பம் சொல்வது எங்கும் ஒன்றுதான்: மயக்க ஊசி மூளைக்கு ஏறிவிட்டது.

மயக்க மருந்தே காரணம் என்பதே என் வாதத்துக்கு எதிரான வலுவான கட்சி, அதற்கு மருத்துவ வரலாற்றிலும் ஆதரவு உண்டு. 1887இல் ஜார்ஜ் சாவேஜ் என்ற மனநல மருத்துவர் மயக்க மருந்துக்குப் பின் வரும் சித்தக் கலக்கத்தைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். 1955இல் பெட்ஃபோர்டு, மயக்க மருந்துக்குப் பின் முதியவர்களின் மூளை பழைய நிலைக்குத் திரும்பாததைப் பற்றி லான்செட்டில் எழுதினார். ஆனால் இந்தக் கட்சியை முறியடிக்கும் சாட்சி அதற்கும் முந்தியது. பாஸ்டனில் ஈதர் மயக்கத்தில் பலர் முன்னிலையில் முதல் அறுவை நடந்தது 1846 அக்டோபர் 16 அன்று. பாரிஸின் பெரும் அறுவை மருத்துவர் துப்பியித்ரென் 1835இலேயே இறந்துவிட்டார். அவர் தம் நோயாளிகளிடம் அறுவைக்கும் காயத்துக்கும் பின் வந்த பிதற்றலைத் தனி நோயாகவே விவரித்திருக்கிறார். மயக்க மருந்து என்ற ஒன்று பிறவாத காலத்திலேயே அறுவைக்குப் பின் புத்தி தடுமாறியிருக்கிறது.

பழைய சாட்சி போதாது என்பவர்களுக்கு அண்மைச் சாட்சியும் உண்டு. இடுப்பெலும்பு முறிந்தவர்களில் ஒரு பாதிக்கு முழு மயக்கம், மறு பாதிக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தல் என்று பிரித்துப் பார்த்தார்கள். வட அமெரிக்காவில் 1,600 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில் டெலிரியம் முதுகு ஊசிக்காரரிடம் 20.5 சதவீதம், முழு மயக்கத்தாரிடம் 19.7. சீனாவில் 65 வயதைத் தாண்டிய 942 பேரிடம் நடந்து 2022இல் வெளியானதில் முறையே 6.2, 5.1. இரண்டிலும் வேறுபாடு ஒன்றுமில்லை என்றே கொள்ள வேண்டும். இதனால் மயக்க மருத்துவத்துக்கு முழு விடுதலை கொடுத்துவிட நான் சொல்லவில்லை. முன்கூட்டிப் பதற்றம் தணிக்கக் கொடுக்கும் மிடசோலம் வகை மருந்துகள் முதியவருக்கு ஆகாதவை என்பது பரவலாக ஏற்கப்பட்டது. மயக்கத்தின் ஆழத்தை மூளை அலைகளைப் பார்த்துக் குறைத்தால் டெலிரியம் குறையுமா என்பதில் ஹாங்காங் ஆய்வு ஆம் என்றது, 2019இல் வந்த அமெரிக்க ஆய்வு இல்லை என்றது. மயக்க மருந்து கடல்கட்டியின் சுறா போன்றது: உண்மையான பிராணிதான், எப்போதாவது கடிக்கவும் செய்யும், ஆனால் ஊரின் பயம் முழுவதையும் அதுவே தின்றுவிடுகிறது.

மீதிப் பங்கு யாருடையது? 1990களில் அமெரிக்க முதியோர் மருத்துவர் ஷாரன் இனூயி இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: நோயாளி உள்ளே வரும்போதே கொண்டுவரும் நலிவு ஒன்று, மருத்துவமனையில் விழும் அடி மற்றொன்று. நலிவு அதிகம் என்றால் சிறு அடியே போதும். நலிவு இல்லாதவரைத் தடுமாற வைக்கப் பேரடி வேண்டும். எட்வர்ட் மார்கன்டோனியோ 1994இல் இருதயம் அல்லாத அறுவைக்கு வந்த 1,341 பேரிடம் கண்டுபிடித்த முன்னறிகுறிகளில் எழுபதைத் தாண்டிய வயது, ஏற்கெனவே மங்கிய நினைவாற்றல், உடல் இயக்கக் குறைவு, மதுப்பழக்கம், இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சர்க்கரையின் தாறுமாறு ஆகியவை இருந்தன. 1999இல் இனூயி யேல் மருத்துவமனை வார்டுகளில் 852 முதியவர்களிடம் செய்தது இன்னும் முக்கியம். நினைவுக் குறைவு, தூக்கமின்மை, படுத்தே கிடப்பது, பார்வைக் குறை, செவிக் குறை, நீரிழப்பு என்ற ஆறை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எளிய பணிவிடை செய்தார்கள். காது கேளாதவருக்கு ஒலிபெருக்கும் சிறு கருவி கொடுத்தார்கள், காதில் அடைத்த குறும்பியை எடுத்தார்கள். டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 9.9க்கு இறங்கியது. அது பொது மருத்துவ வார்டு, அறுவை வார்டு அல்ல என்று ஆட்சேபிக்கலாம். இடுப்பெலும்பு அறுவைக்கு வந்த 126 பேரிடம் இதே போக்கில் முதியோர் மருத்துவரின் கவனிப்பை முன்கூட்டியே சேர்த்து மார்கன்டோனியோ 2001இல் வெளியிட்ட ஆய்வில் டெலிரியம் 50 சதவீதத்திலிருந்து 32க்கு வந்தது. அறுவை வார்டிலும் இது பலிக்கிறது.

காது ஏன் இவ்வளவு பெரிய ஆளாகிறது? அறுவைக்கூடத்துக்குப் போகும் முன் கண்ணாடியும் பல்செட்டும் காதுக் கருவியும் கழற்றப்பட்டு உறவினரின் துணிப்பையில் போடப்படுகின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் விழிக்கும்போது பையோ கண்ணாடிக் கதவுக்கு வெளியே. பகலா இரவா தெரியாத வெளிச்சம், முகமூடி போட்ட முகங்கள், அந்த முகமூடிக்குள்ளிருந்து வரும் மங்கிய குரல். செவி சரியாக இருப்பவர் அந்தக் குரலைக் கொண்டு தாம் இருக்கும் இடத்தை மெல்ல மெல்லக் கட்டி எழுப்பிக்கொள்வார். பாதிச் செவிடான குளியாளிக்கு அந்தப் பிடியும் இல்லை. உதட்டசைவைப் பார்த்தே ஆண்டுக்கணக்கில் சமாளித்துவந்தவருக்கு முகமூடி அதையும் பறித்துவிடுகிறது. காணாததையும் கேளாததையும் மூளை தானே இட்டு நிரப்புகிறது. குழாயைப் பிடுங்குகிறார் என்று கையைக் கட்டினால், கட்டுவதும் ஒரு அடியாகச் சேர்ந்துகொள்கிறது.

குளியாளி மட்டுமில்லை. இத்துறைமுக ஊரின் வேறு தொழில்களும் அதே ஆறு குறைகளில் ஒன்றையோ இரண்டையோ விட்டுப்போகின்றன. உப்பளத்தில் வெள்ளைப் பாத்தியின் மேல் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணுக்குக் கேடு. கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது சிறுநீரகத்துக்குக் கேடு. பஞ்சாலையின் இரைச்சல் செவிக்குக் கேடு. 1908இல் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்ற கோரல் மில் வேலைநிறுத்தம் கூலியோடு ஞாயிறு விடுமுறையையும் குறைந்த வேலை நேரத்தையும் கேட்டது, பெற்றது. ஓய்வுக்கான அந்தக் கோரிக்கை எவ்வளவு சரியானது என்பதை மங்கரேவாக்காரர்களின் மூளையும் சொல்கிறது. 1974இல் பெருந்துறைமுகம் செயலுக்கு வந்தபின் சரக்கு ஏற்றி இறக்கும் கூலிகளின் வரிசையும் சேர்ந்தது. இத்தனைக்கும் மேலே உடம்பு வலிக்கு மருந்தென்று குடிக்கப்படும் சாராயம். குடிநிறுத்தத்தில் வரும் நடுக்கச் சன்னிக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்ற பெயரை 1813இல் கொடுத்த தாமஸ் சட்டன், இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில் வைத்தியம் பார்த்தவர். கடற்கரைக் கூலி வாழ்க்கைக்கும் மதுவுக்கும் உள்ள உறவு நம் கரையில் மட்டும் உள்ளதல்ல. அறுவைக்காக அனுமதிக்கப்பட்டவர் எவ்வளவு குடிப்பார் என்பதை வீட்டார் கூச்சத்தால் மறைத்தால், மூன்றாம் நாள் அது வேறு வடிவத்தில் வெளியே வருகிறது.

எல்லாவற்றுக்கும் வயதுதானே காரணம், எழுபது தாண்டினால் எந்த ஊர்க்காரருக்கும் காது மந்தம்தானே, தொழிலை ஏன் இழுக்க வேண்டும் என்பார்கள். வயது பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் வயதைக் குறைக்க எந்த மருத்துவராலும் ஆகாது. செவியைச் சரிபார்க்க ஆகும், நீர் ஏற்ற ஆகும், குடியைக் கேட்டறிய ஆகும். மேலும் தொழிலால் வரும் செவிக்குறை எழுபதுக்குக் காத்திருப்பதில்லை. ஐம்பதிலேயே வந்துவிடுவதால், வயதை மட்டும் பார்த்து ஆபத்தை அளக்கும் மருத்துவர் இந்த ஆளைப் பாதுகாப்பானவர் பக்கம் எழுதிவிடுகிறார். முத்துக்குளிப்பு 1961இல் முடிந்துவிட்டதே என்பது அடுத்த ஆட்சேபம். அந்த ஆண்டு இருபது வயதில் கல்லோடு இறங்கியவர் இன்று எண்பதைத் தாண்டியவர். டெலிரியத்துக்கு மிகவும் ஆளாகும் வயது அது. அந்தத் தலைமுறைதான் இப்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்துகொண்டிருக்கிறது. சங்குக் குளிப்போ முடியவேயில்லை. கம்ப்ரசர் குழாயோடு இறங்கிய தலைமுறை இப்போதுதான் அறுபதை எட்டுகிறது. நான்கு நாளில் தானாகத் தெளிந்துவிடுகிறதே, பின் ஏன் இவ்வளவு பேச்சு என்பது மூன்றாவது. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, இருதய அறுவைக்கு உட்பட்ட 225 முதியவர்களை ஓராண்டு தொடர்ந்தது. அவர்களில் 103 பேருக்கு டெலிரியம் வந்தது. வந்தவர்களின் நினைவாற்றல் வராதவர்களைவிடக் கூடுதலாகச் சரிந்து, மெதுவாகவே ஏறியது. தெளிந்துவிட்டது என்று நாம் நினைப்பது பிதற்றல் நின்றதை மட்டும்தான்.

இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி 1700இல் வெளியிட்ட தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலில், நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு என்ன தொழில் செய்கிறாய் என்பதையும் சேர்க்கச் சொன்னார். மயக்க மருத்துவர் அறுவைக்கு முன் பார்க்கும் சோதனையில் சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆடும் பல், பழைய அறுவை எல்லாம் கேட்கப்படும். இக்கரையில் அதோடு "ஐயா, நீங்க சங்கு குளிச்ச ஆளா? எத்தனை வருஷம் குளிச்சீங்க? எந்தக் காது நல்லாக் கேக்கும்?" என்று கேட்க அரை நிமிடம் ஆகும். பதில் ஆம் என்றால் செய்ய வேண்டியவை விலை குறைந்தவை. குறும்பியை எடுப்பது, கருவி இருந்தால் அறுவைக்கூட வாசல்வரை காதிலேயே விட்டு விழித்ததும் திரும்ப மாட்டுவது, கேட்கும் காது எந்தப் பக்கம் என்று கட்டில் தலைமாட்டில் எழுதி ஒட்டுவது, செவிலியர் அந்தப் பக்கம் நின்று முகமூடியை இறக்கி ஒருமுறையாவது முகம் காட்டிப் பேசுவது, மிடசோலத்தைத் தவிர்ப்பது, நாள் முழுக்கப் பட்டினி போடாமல் அனுமதிக்கப்பட்ட நேரம்வரை தண்ணீர் கொடுப்பது, இரவில் விளக்கைத் தணிப்பது. நம் வார்டுகளில் நோயாளியின் கட்டிலடியில் பாய் விரித்துப் படுக்கும் வழக்கத்தை நெரிசல் என்று விரட்டாமல், தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பழகிய குரல் ஒன்றைச் சில மணி நேரமாவது உள்ளே விடுவது. கடல்கட்டி தோணியில் இருந்ததன் உண்மையான பயன் எதுவோ, கட்டிலருகே மகளின் குரல் இருப்பதன் பயனும் அதுவே.

2000இல் தொடங்கிய தூத்துக்குடி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கும், ஊரின் தனியார் மருத்துவமனைகளுக்கும், மணப்பாட்டிலிருந்து வேம்பார்வரை உள்ள கடற்கரை ஊர்களிலிருந்து முதியவர்கள் அறுவைக்கு வருகிறார்கள். எலும்பு மருத்துவர், மயக்க மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர் மூவரும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். குளித்த ஆண்டுகள், செவித்திறன், குடி, அறுவைக்குப் பின் முதல் மூன்று இரவு எப்படிப் போயின என்ற நான்கு விவரத்தையும் ஒரே தாளில் எழுதத் தொடங்கினால், சிப்பிக்கு மட்டும் கணக்கு வைத்த கரையில் குளியாளியின் உடம்புக்கும் முதல் கணக்கேடு பிறக்கும்.